"பிறகு செய்வம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் மாலை நேரக் கணக்கியல் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலானோர் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். வகுப்பு முடிந்து மேசைப் பக்கம் வந்து நிற்பவர்கள் ஐந்தொகையைப் பற்றிக் கேட்பதைவிட, "படிக்கவேணும் எண்டு தெரியுது மிஸ், ஆனா இருக்க ஏலாம இருக்கு" என்று சொல்வதுதான் அதிகம். பெற்றோரும் கேட்கிறார்கள், எங்கள் தொடர்மாடி அன்ரிமாரும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

1. "மிஸ், எனக்கு நேரமே இல்லை. நேரம் இருந்தா செய்யமாட்டனா? இதையும் தள்ளிப்போடுறது எண்டு சொல்லலாமா?"

பல பேருக்கு இது உண்மையாகவே இருக்கும். வத்தளையிலிருந்து வேலைக்கு வந்து, வேலை முடிந்து வகுப்புக்கும் வந்து, இரவு பத்து மணிக்கு வீட்டுப் படியேறுகிறவருக்கு நேரம் இல்லைதான். அவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தள்ளிப்போடுவது வேறு. செய்யவேண்டும் என்று தெரியும். செய்யாவிட்டால் நமக்குத்தான் நட்டம் என்றும் தெரியும். அரை மணித்தியாலம் கையிலும் இருக்கிறது. அப்படியிருந்தும் "பிறகு பாப்பம்" என்று விடுகிறோம். போன கிழமையை நினைத்துப் பாருங்கள்: அப்படி ஓர் அரை மணித்தியாலம் கிடைத்ததா, அதில் என்ன செய்தீர்கள்? கிடைக்கவே இல்லையென்றால் நேரே 6ஆம், 11ஆம் கேள்விகளுக்குப் போங்கள்.

2. "இது வெறும் பஞ்சிதானே? பஞ்சியை விட்டா எல்லாம் சரியாகும் எண்டு அம்மா சொல்றா."

பஞ்சி பிடித்தவர் நிம்மதியாகப் படுத்துக் கிடப்பார். தள்ளிப்போடுகிறவருக்கு அந்த நிம்மதியும் கிடையாது. என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளை வங்கி இணக்கக் கூற்று (நம் கணக்கையும் வங்கியின் கணக்கையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது) செய்ய உட்கார்ந்த கதையைச் சொன்னாள். மேசையைத் துடைத்தாள், பென்சில் சீவினாள், பிளேன்ரீ ஊற்றினாள், கொப்பியில் தலைப்பை இரண்டு நிறத்தில் எழுதினாள். பிறகு அலுமாரியைத் திறந்து உடுப்புகளை நிறம் நிறமாக அடுக்கினாள். அப்போது இரவு பதினொன்றரை. இவ்வளவு வேலை செய்தவளைப் பஞ்சிக்காரி என்று எப்படிச் சொல்வது?

ஃபூஷியா சிரோயிஸ், டிம் பிச்சில் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2013இல் இதைப் பற்றி எழுதினார்கள். வேலையை நினைத்ததும் பயமோ சலிப்போ, "எனக்கு இது விளங்காது" என்ற எண்ணமோ வருகிறது. தள்ளிவைத்ததும் மனம் லேசாகிறது. அந்த லேசுக்கு மனம் பழகிவிடுகிறது. நாளைக்கு வரப்போகும் கஷ்டமெல்லாம் நாளைக்கு இருக்கப்போகும் ஆளின் தலையில். அதனால் நேரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க முதல், இந்த வேலையில் எந்த இடம் எனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பிள்ளைக்குச் சிக்கல், சமர்ப்பிக்கப்படாத, அதாவது எழுதிக் கொடுத்தும் இன்னும் வங்கிக்கு வராத, காசோலைகளைக் கூட்டுவதா கழிப்பதா என்ற ஒரே இடத்தில்தான் இருந்தது. அதைக் கேட்டுத் தெளிந்த பிறகு மிச்சம் தானாக ஓடியது.

3. "சரி, இண்டைக்கே தொடங்கோணும். முதல்ல என்ன செய்ய?"

கொப்பியில் எழுதி வைத்திருக்கும் வேலையின் பெயரை மாற்றுங்கள். "கணக்கியல் படிக்கவேண்டும்" என்று எழுதியிருந்தால் அதை யாராலும் தொடங்க முடியாது. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? "செவ்வாய் இரவு சாப்பிட்டுக் கோப்பை கழுவியதும், முன்னறை மேசையில், போன வருட வினாத்தாளின் மூன்றாம் கேள்வி, பெறுமானத்தேய்வுப் பகுதி மட்டும்" என்று எழுதுங்கள். எப்போது, எங்கே, எது என்ற மூன்றும் அதில் இருக்கிறது. கோப்பை கழுவி முடிந்ததும் யோசிக்க ஒன்றும் இருக்காது.

பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதை நீண்டகாலம் ஆராய்ந்தவர். "இது நடந்தால் உடனே இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள், "செய்யத்தான் வேண்டும்" என்று வெறுமனே நினைத்தவர்களைவிட அதிகம் செய்து முடித்தார்கள். 94 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் எழுதிய முடிவும் அதுதான். மணிக்கூட்டு நேரத்தைவிட, தினமும் தவறாமல் நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுவது நல்லது. எட்டு மணி என்று வைத்தால் எட்டரைக்கு வந்து சேருகிற நாளில் திட்டம் போய்விடும். கோப்பை கழுவுவது எத்தனை மணிக்கானாலும் நடக்கும்.

4. "இருபத்தைஞ்சு நிமிஷம் வேலை, அஞ்சு நிமிஷம் ஓய்வு எண்டு யூடியூப்பில சொல்றாங்களே, அது சரிவருமா?"

சரிவரும். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980களின் கடைசியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறை மணிக்கூட்டை வைத்துத் தொடங்கியது. இருபத்தைந்துக்கு விசேஷம் ஒன்றுமில்லை. பத்து நிமிடம் என்றும் வைக்கலாம். கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது என்பதற்காக நிறுத்தாதீர்கள். அந்த ஐந்து நிமிட ஓய்வில் போனை எடுத்தால் ஐம்பது நிமிடமாகும், அது உங்களுக்கே தெரியும்.

5. "கடைசி நேரத்திலதான் எனக்கு மூளை வேலை செய்யுது. சோதினைக்கு முதல்நாள் ஒரு இரவில முடிச்சிருவன். அதில என்ன பிழை?"

அப்படிச் சொல்கிற பலரின் விடைத்தாள்களைத் திருத்தியிருக்கிறேன், அதனால் எனக்கு ஒரு பக்கச் சார்பு உண்டு. அமெரிக்காவில் டயான் டைஸ், ரோய் பௌமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு தவணை முழுக்க மாணவர்களைக் கவனித்து 1997இல் எழுதினார்கள். தவணைத் தொடக்கத்தில் தள்ளிப்போடுகிறவர்கள்தான் சந்தோஷமாக இருந்தார்கள். நோயும் குறைவு, மன அழுத்தமும் குறைவு. தவணை முடிவில் நிலைமை தலைகீழ். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் நோய்வாய்ப்பட்டதும் அவர்கள்தான் கூட, புள்ளி குறைந்ததும் அவர்களுக்குத்தான்.

கடைசி இரவில் மூளை வேகமாக ஓடுவது பொய்யில்லை. அந்த நேரத்தில் வேறு வழியில்லாததால் 2ஆம் கேள்வியில் சொன்ன சங்கடத்துக்கு இடமில்லாமல் போகிறது. ஆனால் அந்த இரவில் பிழை கண்டுபிடித்துத் திருத்த நேரமும் இருக்காது. அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல் வந்தால், கரண்ட் போனால், அவ்வளவுதான்.

6. "நாளுக்கு ரெண்டரை மணித்தியாலம் ரோட்டிலேயே போகுது. அதில என்ன நேர முகாமைத்துவம்?"

கொழும்பில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய கேள்வி. வெளிநாட்டு நேர முகாமைத்துவ ஆலோசனைகளில் இதற்குப் பதில் கிடைக்காது. பயணத்தில் படியுங்கள் என்பார்கள். பின்னேரம் ஐந்தரைக்குக் கோட்டையில் 100 அல்லது 101 பஸ்ஸில் ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மற்றக் கையால் பையைக் கட்டிக்கொண்டு பம்பலப்பிட்டி வரை நின்று பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

நின்றுகொண்டு போகிற பயணத்தில் புதிதாக எதையும் படிக்க முயல வேண்டாம். முதல்நாள் செய்த கணக்கின் படிகளைக் கொப்பியைப் பார்க்காமல் மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். எங்கே தடக்குகிறதோ அதுதான் இரவு பார்க்கவேண்டிய இடம். இருக்கை கிடைக்கிற பயணம் என்றால் காதில் கேட்கிற பாடம் சரி. கடற்கரைப் பாதைக் கோச்சியில் கடல் பக்கத்து ஜன்னல் கிடைத்தால் ஒன்றும் செய்யாமல் கடலைப் பாருங்கள். அதற்கும் ஒரு பயன் சொல்லி நியாயப்படுத்தத் தேவையில்லை.

இதைவிடப் பெரிய மாற்றம், பயணம் செய்யும் நேரத்தை நகர்த்துவது. காலை நெரிசல் ஏற முதல் புறப்பட்டால் வேலைத்தலத்துக்கு முன்னதாகப் போய்ச் சேரலாம். அங்கே மேசையில் கிடைக்கிற அமைதி வீட்டில் கிடைக்காது. காலையில் எழும்ப ஏலாதவர்கள் பின்னேரத்தைப் பின்னுக்குத் தள்ளலாம். நெரிசலில் ஒரு மணித்தியாலம் நிற்பதற்குப் பதில், விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்துப் பொது நூலகத்திலோ, வெள்ளவத்தைக்காரர் என்றால் 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்திலோ உட்காரலாம். திறந்திருக்கும் நேரத்தை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு அறைத் தொடர்மாடி வீட்டில் ஆறு பேர் இருக்கிறவர்களுக்கு இது நேரத்தோடு இடத்தையும் தருகிறது. அந்தக் கதிரையில் உட்கார்ந்தால் படிப்புத்தான் என்று சில நாளில் பழகிவிடும்.

புறக்கோட்டையில் கடையில் நிற்கிறவர்கள் காலை முதல் இரவு வரை கடையில்தான். "எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் மிஸ்" என்றால் ஞாயிறு காலையை மட்டும் பிடியுங்கள். மற்ற நாட்களில் பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை.

7. "நேரசூசி போட்டன், கலர் எல்லாம் அடிச்சன். மூண்டாம் நாளே குழம்பிட்டுது."

எல்லாருக்கும் குழம்பும். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் போகும் என்று நாமே நமக்குச் சொல்கிற கணக்கு எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979இல் இதற்குத் "திட்டமிடல் பிழை" (planning fallacy) என்று பெயரே வைத்தார்கள். பிறகு 1994இல் வெளியான ஓர் ஆய்வில் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஆய்வுக்கட்டுரை முடிக்க எத்தனை நாள் எடுக்கும் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே பிழைத்துப்போனால்? 48.6 நாள். கடைசியில் எடுத்தது 55.5 நாள். மோசமாக நடந்தால் எவ்வளவு என்று யோசித்துச் சொன்ன கணக்கும் போதவில்லை.

அதனால் ஊகிக்காமல் பழசைப் பாருங்கள். போன முறை இதே மாதிரி ஒப்படைக்கு உண்மையில் எத்தனை நாள் போனது? அதுதான் கணக்கு. அடுத்தது, நேரசூசியில் வெற்றிடம் விடுங்கள். நமக்கு ஒவ்வொரு மாதமும் பௌர்ணமிக்குப் போயா லீவு வருகிறது. போயா நாளில் புதிதாக எதுவும் போடாதீர்கள். அந்த மாதம் விட்டுப்போனதை எடுக்க அதை வெறுமையாக வைத்திருங்கள். ஒன்றும் விட்டுப்போகவில்லையா, காலிமுகத்திடலுக்குப் போய் இஸ்ஸோ வடை சாப்பிடுங்கள்.

8. "போனை என்ன செய்யிறது?"

மற்ற அறையில் வையுங்கள். மேசையில் கவிழ்த்து வைப்பது போதாது. வீட்டில் அவசரத்துக்கு அழைப்பார்கள் என்றால் மணிச் சத்தத்தை மட்டும் விட்டு, வட்ஸ்அப் குழுக்களின் சத்தத்தை நிறுத்துங்கள். வகுப்புக் குழுவில் நான் போடும் செய்தியும் காலை வரை காத்திருக்கும்.

9. "வருமான வரி, கடவுச்சீட்டு, வங்கிப் படிவம்... இப்பிடி வேலைகள் மாசக்கணக்கா கிடக்கு. ஒவ்வொண்டும் சின்ன வேலை. ஏன் செய்யுப்படுதில்ல?"

சின்ன வேலை என்று நினைப்பதால்தான். வருமான வரி விபரத்திரட்டை எடுத்துக்கொள்வோம். மார்ச் 31இல் முடிகிற வரியாண்டுக்கு நவம்பர் 30 வரை தவணை இருக்கிறது. எட்டு மாதம். ஆனால் என்னிடம் ஆட்கள் ஓடி வருவது நவம்பர் கடைசிக் கிழமையில். வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரியும், வேலைத்தலத்தில் தரவேண்டிய வரிக் கழிப்புச் சான்றிதழ் கையில் இல்லை, வங்கியிலிருந்து வட்டிச் சான்றிதழ் எடுக்கவில்லை, கடவுச்சொல்லும் மறந்துபோயிற்று. ஒரு வேலை என்று நினைத்தது நாலு வேலை. அதில் மூன்று, வேறு ஆட்கள் பதில் தரும்வரை காத்திருக்கவேண்டியவை.

ஆகவே இப்படியான வேலையில் முதல் படி எப்போதும் "பிறரிடம் கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுவது". அதற்கு ஒரு மின்னஞ்சல் போதும், இன்றைக்கே அனுப்பலாம். மிச்சத்தை 3ஆம் கேள்வியில் சொன்னபடி எழுதிவையுங்கள். அரைநாள் லீவு எடுத்து அலுவலகம் அலுவலகமாக அலையவேண்டிய வேலைகளை ஒரே நாளில் சேருங்கள். கடவுச்சீட்டுக்காகப் பத்தரமுல்லைக்குப் போகிற நாளில் அந்தப் பக்கத்து வேலை வேறென்ன இருக்கிறது என்று பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, அவற்றின் பிரதிகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்திருக்கிற வீட்டில் இந்த வேலைகள் பாதி முடிந்த மாதிரி.

10. "மகன் ஏ.எல். எடுக்கிறான். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை நோகுது. புத்தகத்தைத் தொடுறானில்ல. நீங்க ஒருக்காச் சொல்லுங்கோ மிஸ்."

நான் சொன்னாலும் ஒரு நாளைக்குத்தான் கேட்பான், அக்கா. 2ஆம் கேள்வியைப் பாருங்கள். புத்தகத்தைப் பார்த்தாலே ஒரு சங்கடம் இருக்கிற பிள்ளைக்குப் புத்தகம் என்றாலே அம்மாவின் சத்தமும் சேர்ந்து வந்தால் இன்னும் விலகித்தான் போவான். "மூன்றாம் மாடிப் பிள்ளை விடிய நாலு மணிக்கு எழும்பிப் படிக்கிறான்" என்பதும் அதையேதான் செய்யும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பாடசாலை, பிறகு மூன்று பாடத்துக்கு ரியூசன், சனி ஞாயிறில் பேப்பர் கிளாஸ். அவன் தனியாக உட்கார்ந்து ஒரு கேள்வியைத் தானாகச் செய்து பார்க்க எப்போது நேரம்? சில வேளை ஒரு ரியூசனை நிறுத்துவதுதான் சரியான மருந்து. ரியூசன் எடுக்கிற நானே இதைச் சொல்கிறேன். வீட்டில் "படிச்சியா?" என்று கேட்காமல் "இண்டைக்கு எந்தக் கேள்வி செய்யப்போற?" என்று கேளுங்கள். ஒரு கேள்வியின் இலக்கத்தைச் சொன்னால் போதும், அதற்கு மேல் துருவ வேண்டாம்.

11. "விடிய எழும்பிச் சமையல், பிள்ளையள் ஸ்கூல் வான், பிறகு வேலை, வந்தும் சமையல். எனக்கெண்டு ஒரு மணித்தியாலம் இல்ல. என்னில என்ன பிழை?"

உங்களில் ஒரு பிழையும் இல்லை. நீங்கள் தள்ளிப்போடவில்லை, இரண்டு பேர் செய்யவேண்டிய வேலையை ஒருவர் செய்கிறீர்கள். இதற்கு நேரசூசி போட்டால் உங்கள் களைப்பைக் கட்டம் போட்டு எழுதிய மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வீட்டிலிருப்பவர்களோடு கதைக்கவேண்டிய விஷயம் இது. கதைக்கும்போது "உதவி செய்யுங்கோ" என்று பொதுவாகக் கேட்டால் ஒரு நாள் தேநீர் போட்டுத் தருவார்கள். "திங்கள், வியாழன் இரவுச் சாப்பாடு உங்கட பொறுப்பு, கடையில் வாங்கினாலும் பரவாயில்லை" என்று முழுதாக ஒப்படையுங்கள். அந்த இரண்டு இரவும் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருப்பது உங்கள் பங்கு, அதுதான் கஷ்டம்.

12. "நான் செய்தா ஒழுங்காச் செய்யோணும். அரைகுறையாத் தொடங்க எனக்கு விருப்பமில்ல."

நல்ல பழக்கம் மாதிரித் தெரியும். ஆனால் தொடங்காத வேலையில் ஒழுங்கு எங்கே இருக்கிறது? இப்படிச் சொல்கிறவர்களிடம் முதல் நகலை வேண்டுமென்றே மோசமாக எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். கையெழுத்துக் கோணலாக இருக்கவேண்டும், ஐந்தொகையின் இரண்டு பக்கமும் சமப்படக் கூடாது. சிரித்துக்கொண்டே எழுதி வருவார்கள். மோசமானதைத் திருத்துவதற்கு யாரும் பயப்படுவதில்லை.

13. "ரெண்டு நாள் விட்டா எனக்கு என்னிலேயே வெறுப்பு. பிறகு முழுக் கிழமையும் போயிடும்."

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. முதல் சோதனைக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த சோதனைக்குக் குறைவாகத்தான் தள்ளிப்போட்டார்கள். திட்டினால்தான் திருந்துவோம் என்று வளர்ந்த நமக்கு இதை நம்புவது சிரமம். விட்டுப்போன நாட்களைச் சேர்த்து ஈடுசெய்யப் பார்க்காதீர்கள். மூன்று நாள் வேலையை ஒரே இரவில் போட்டால் நாலாம் நாளும் போய்விடும். இன்றைக்குரிய கேள்வியை மட்டும் செய்யுங்கள், மிச்சம் போயாவுக்கு.

14. "இது ஏதும் வருத்தமா இருக்குமா? டொக்டரிட்டப் போகோணுமா?"

எல்லாருக்கும் தேவையில்லை. ஆனால் பிடித்த வேலையைக்கூடத் தொடங்க முடியாமல், நித்திரையும் சாப்பாடும் குழம்பி, வாரக்கணக்கில் மனம் இருண்டு கிடந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். சின்ன வயதிலிருந்தே எதிலும் கவனம் நிற்காமல், பொருட்களைத் தொலைத்து, தவணைகளைத் தவறவிட்டு வந்தவருக்குக் கவனக்குறைபாட்டுப் பிரச்சினை இருக்கலாம். அது வளர்ந்தவர்களுக்கும் உண்டு. இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. முதலில் வழமையாகப் போகும் குடும்ப வைத்தியரிடமே கதைக்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அந்த நிறுவகம் இருக்கிற அங்கொடையின் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கிற பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை, அதற்காக யாரும் பின்வாங்க வேண்டாம்.

15. "கனடாவில இருக்கிற சித்தப்பா என்ர படிப்புக்குக் காசு அனுப்பினவர். நன்றி சொல்லிக் கதைக்காமலே ஒன்றரை வருஷம் போயிட்டுது. இப்ப எடுக்க வெட்கமா இருக்கு. என்ன செய்ய?"

எல்லாவற்றிலும் சிக்கலானது இதுதான். தொடக்கத்தில் ஐந்து நிமிட வேலை. ஒரு மாதம் போனதும் மன்னிப்பும் சேர்ந்தது. ஒரு வருடம் போனதும் "ஏன் எடுக்கவில்லை" என்பதற்கு நல்ல காரணம் ஒன்றும் தேவைப்படுகிறது. காரணம் தேடிக்கொண்டே இன்னும் நாள் போகிறது. நல்ல காரணம் கிடைக்கப்போவதில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இல்லை. அதைத் தேடுவதை விடுங்கள்.

முதலில் ஒரு குரல்பதிவு அனுப்புங்கள். நீளமாக வேண்டாம்: "சித்தப்பா, இவ்வளவு நாள் எடுக்காமல் விட்டது என்ர பிழை. நீங்க அனுப்பின காசிலதான் படிச்சு முடிச்சன். ஞாயிற்றுக்கிழமை எடுக்கட்டா?" அவ்வளவு போதும். சோதனை கடினம், வேலை கூட என்றெல்லாம் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் அவர் அதற்கு ஆறுதல் சொல்லவேண்டி வரும். அவர் ரொறன்ரோவில் இருந்தால், கோடைகாலத்தில் நமக்கு இரவு எட்டு மணி அங்கே காலை பத்தரை. குளிர்காலம் என்றால் ஒன்பதரை, சித்தி அப்போதுதான் எழும்பியிருப்பார், கொஞ்சம் பிந்தி எடுங்கள்.